கவிழ்க்க மனம் வராதவர்

மனிதர்களில் பல வகை உண்டு. குடையை எங்காவது மறந்து வைத்துவிட்டு வருகிறவர்கள் ஒரு வகை. அடுத்தவர் குடையை மறக்காமல் எடுத்து வருகிறவர்கள் இன்னொரு வகை. இவர்களால் உலகத்துக்குப் பெரிய கெடுதல் இல்லை. மழைக்காலத்தில் கொஞ்சம் நனைவோம், அவ்வளவுதான். இங்கே உங்களுக்கு அறிமுகமாகப் போகிறவர் வேறு வகை. கையில் இருப்பது தேறாது என்று இவருக்குத் தெரியும். எதிராளியிடம் என்ன இருக்கிறது என்பதும் தெரியும். தாம் தோற்கப் போவதை மேசையில் எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடிக்கிறவரே இவர்தான். ஆனாலும் சீட்டைக் கீழே கவிழ்த்துவிட்டு, 'சரி, இந்த ஆட்டம் உங்களுக்கு' என்று சொல்வதற்கு மட்டும் வாய் வராது. கவிழ்க்க மனம் வராதவர் என்பது இவருக்கு நாம் வைக்கும் பெயர்.

இவரை அடையாளம் காணச் சீட்டு மேசைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. இடைவேளைக்கு முன்பே பாதிக் கொட்டகை எழுந்து போய்விட்ட படத்தை, டிக்கெட் வாங்கியாயிற்றே என்று கடைசிப் பெயர் ஓடி முடியும் வரை பார்த்துவிட்டு, வெளியே வந்து தலைவலி மாத்திரை வாங்குகிறவர் இவர்தான். கடிக்கிற செருப்பை, வாங்கித் தொலைத்தோமே என்பதற்காக, நொண்டி நொண்டியே தேய்த்துத் தீர்க்கிறவரும் இவர்தான். நிற்கிற வரிசை தவறு என்று முன்னால் நிற்பவர் சொன்ன பிறகும், இவ்வளவு தூரம் நகர்ந்து வந்துவிட்டோம், ஜன்னலுக்குள் இருப்பவரையே கேட்டுவிடுவோமே என்று நின்று, அவர் வாயாலும் 'இது இல்லைங்க, அந்தப் பக்கம்' என்று கேட்டுக்கொண்டு போகிறவர் வேறு யார்? ஆனால் இதெல்லாம் வெள்ளோட்டம். முழு அழகோடு இவர் விளங்குவது சீட்டு மேசையில்தான்.

உதாரணத்துக்கு ஒருவரைப் பிடித்து நிறுத்துவோம். சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரே அவரை மாஸ்டர் என்று கூப்பிடும். கோபமாக இருக்கும்போது அவர் மனைவியும்.

சாலையில் இவரைப்போல் ஜாக்கிரதையான மனிதரைப் பார்க்க முடியாது. பத்துக் கம்பத்துக்கு அப்பால் ஒரு பசு மாடு யோசனையோடு நின்றால் இங்கேயே வண்டி மெதுவாகிவிடும். புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களிடம் அவர் முதலில் சொல்லிக் கொடுப்பது கிளட்ச்சோ கியரோ இல்லை. "சந்தேகம் வந்தா நிறுத்து. நிறுத்தினதால அடிபட்டவன் எவனும் கிடையாது" என்பார். அந்த வாக்கியத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வாரோ, அத்தனை தடவையும் மனதாரச் சொல்வார். திங்கள் முதல் சனி வரை இப்படி நிறுத்தி நிறுத்தியே வாழ்கிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தையல்கடைக்குள் நுழைந்தவுடன் ஆளே மாறிவிடுவார்.

தையல்கடையின் பின்னறையில் துணி வெட்டுகிற நீள மேசை ஒன்று இருக்கிறது. மேலே கொடியில் கை வைக்காத சட்டைகளும் காலர் வைக்காத சட்டைகளும் தொங்கும். ஞாயிறு மத்தியானம் கத்திரியையும் இஞ்ச் டேப்பையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு அங்கே நாலு பேர் போக்கர் ஆடுவார்கள். கடையின் சொந்தக்காரரான தையல்கார அக்கா, பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டர், எதிர்வரிசை சலூன்காரர், நம் மாஸ்டர்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஆளுக்கு இரண்டு சீட்டு, பிறர் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொது. அவை கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கப்படும். இரண்டையும் ஐந்தையும் சேர்த்துப் பார்த்து யாரால் நல்ல ஐந்து சீட்டைக் காட்ட முடிகிறதோ அவர் ஜெயித்தார். இடையிடையே ஒருவர் பந்தயத்தை ஏற்றினால் மற்றவர்களும் அதே அளவு போட வேண்டும். போட விருப்பமில்லையா, சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகிக்கொள்ளலாம். எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு எல்லை கிடையாது. ஆட்டத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. பல பேருக்கு உயிர் போவதும் அதனால்தான்.

மேசைமேல் காசு வரக் கூடாது என்று அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார். பொத்தான்தான் பந்தயம். ஒரு பொத்தான் என்றால் ஒரு மணி நேர வேலை. டாக்டருக்கு வெள்ளைப் பொத்தான், சலூன்காரருக்குக் கறுப்பு, அக்காவுக்குச் சிவப்பு, மாஸ்டருக்குக் கோட்டில் தைக்கிற பெரிய பழுப்புப் பொத்தான். பல்லாக இருந்தாலும் தலைமுடியாக இருந்தாலும் மணிக்கு மணி சமம். ஒருவருடைய பொத்தானை ஜெயித்தவர் அதைத் தாமே கொண்டுபோய் வேலை வாங்கலாம், அல்லது வேண்டியவர்களிடம் கொடுத்தனுப்பலாம். பொத்தான் வந்தால் வேலை நடந்தாக வேண்டும். கொண்டுவந்த ஆள் யார் என்று கேட்கக் கூடாது. போக்கர் ஆடுகிற மற்ற இடங்களில் ஆட்டத்தின் நடுவே பையிலிருந்து புதிதாக எதையும் எடுத்துப் போட விடமாட்டார்களாம். எல்லையில்லாத ஆட்டம் என்பதை இந்த நாலு பேரும் கொஞ்சம் தாராளமாகப் புரிந்துகொண்டுவிட்டார்கள். இங்கே சட்டைப் பைக்கும் எல்லை கிடையாது.

இந்த ஏற்பாட்டில் மாஸ்டருக்குக் கிடைத்த லாபத்தையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு தடவை அவர் சலூன்காரரிடம் அமோகமாக ஜெயித்திருக்கிறார். மாஸ்டரோ முப்பது வயதிலேயே தலையில் ஒரு முடியும் மிச்சமில்லாமல் போன மனிதர். அந்தக் கறுப்புப் பொத்தான்கள் இன்னும் அவர் மேசை டிராயரில் கிடக்கின்றன.

நஷ்டங்களில் முக்கியமானவர் டாக்டருடைய மாமியார். டாக்டர் ஜெயித்த பழுப்புப் பொத்தான்களை வாங்கிக்கொண்டு ஒரு விடியற்காலையில் அந்த அம்மாள் டிரைவிங் ஸ்கூலுக்கு வந்து சேர்ந்தார்.

"அம்மா, இது கிளட்ச், இது பிரேக்" என்று ஆரம்பித்தார் மாஸ்டர்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. ஹாரன் எது?"

ஹாரனைக் காட்டினார். மூன்று நாள் வகுப்பும் ஹாரனிலேயே போயிற்று. அந்தத் தெருவில் இப்போதும் மாஸ்டரைக் கண்டால் சிலர் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

இனி அவருடைய ஆட்டத்தைப் பாருங்கள். சீட்டை எடுக்க மாட்டார். மேசைமேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்து, கட்டைவிரலால் ஒரு மூலையை மட்டும் தூக்கி, தூங்குகிற குழந்தையின் போர்வையை விலக்கிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடி மூடிவிடுவார். பிறகு கூரையைப் பார்ப்பார். பிறகு மற்ற மூன்று பேருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிறகு பேசுவார். போக்கர் என்பதே கவிழ்க்கிற கலைதான் என்பது அவருடைய கொள்கை. அதைப் பற்றி அவர் படிக்காத புத்தகம் இல்லை, பார்க்காத வீடியோ இல்லை.

"நூறு கை வந்தா எழுபதைக் கவிழ்த்துடணும் டாக்டர். ஜெயிக்கிறவன் நல்ல சீட்டால ஜெயிக்கிறதில்ல. கெட்ட சீட்டை விட்டுத் தொலைக்கிறதால ஜெயிக்கிறான்."

எவ்வளவு தெளிவான பேச்சு. இதைச் சொல்லிக்கொண்டே தம் கையில் இருந்த, ஒன்றுக்கும் ஆகாத இரண்டாம் நம்பர், ஏழாம் நம்பர் சீட்டுகளை வைத்துக்கொண்டு அவர் நாலு பொத்தானை நடுவில் தள்ளுவார்.

அடுத்தவர் சீட்டைக் கவிழ்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. டாக்டர் தோற்றால், "எட்டு விழுந்தப்பவே நீங்க விட்டிருக்கணும்" என்பார். சலூன்காரர் தோற்றால், "அண்ணே, அக்கா மூக்கைத் தடவினாங்க, கவனிக்கலையா?" என்பார். சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கும். தம் முறை வரும்போது மட்டும் அந்த அறிவு எங்கேயோ போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில், 'பாத்துக்கலாம்' என்று போடுவார். அப்புறம், 'இவ்வளவு போட்டாச்சே' என்று போடுவார். கடைசியில், 'என்னதான் வச்சிருக்காங்கன்னு பாத்துடுவோம்' என்று மிச்சத்தையும் போடுவார். எதிராளி சீட்டைத் திறந்து காட்டியதும் முகத்தில் ஒரு திருப்தி வரும் பாருங்கள், அதை ஜெயித்தவர் முகத்தில்கூடப் பார்க்க முடியாது.

"மூணு ராஜா. தெரியும் எனக்கு. தெரிஞ்சுதான் போட்டேன்."

தெரியாமல் தோற்கிறவனுக்கு மருந்து உண்டு. தெரிந்து தோற்கிறவரை என்ன செய்வது?

இந்தக் கேள்வியை ஆறு மாதமாக மனதில் வைத்து அரைத்துக்கொண்டிருந்தவள் மாஸ்டரின் மனைவி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அங்கே புதிதாக ஒரு பதவி உருவாகியிருந்தது. நடக்க முடியாத நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்துவர வேண்டும். நிலையமே ஒரு சின்ன கார் கொடுக்கும். ஓட்டத் தெரிந்தவருக்குத்தான் பதவி. அவளுக்கு ஊசி குத்தத் தெரியும், குத்தினது தெரியாமல் குத்தத் தெரியும், அழுகிற குழந்தையைச் சிரிக்க வைத்துக்கொண்டே குத்தத் தெரியும். கார் மட்டும் ஓட்டத் தெரியாது. பாதி ஊருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரின் மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது.

"வேற ஸ்கூல்ல சேந்துக்கட்டுமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

மாஸ்டர் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "என் பொண்டாட்டி இன்னொருத்தன்கிட்டப் போய்க் கத்துக்கிட்டா, நான் போர்டைக் கழட்டி வீட்டுல மாட்டிக்க வேண்டியதுதான். நானே சொல்லித் தரேன். அடுத்த வாரம்."

அந்த அடுத்த வாரம்தான் ஆறு மாதமாக வந்துகொண்டிருந்தது. பகல் முழுவதும் வகுப்புகள். காலியாக இருப்பது விடியற்காலைகள் மட்டும். அந்த விடியற்காலைகளையெல்லாம் ஞாயிறுதோறும் யாராவது ஜெயித்துக்கொண்டு போனார்கள். டாக்டரின் மாமியார் வந்தார், சலூன்காரரின் தங்கை வந்தாள், அக்காவின் கடைக்குப் பட்டன்ஹோல் போட வருகிறவர் வந்தார்.

கடைசியில் டெஸ்ட்டுக்குத் தேதியே வந்துவிட்டது. மூன்று வாரம் இருந்தது. இதில் தவறினால் பதவி இன்னொரு பெண்ணுக்குப் போய்விடும். மாஸ்டருக்கு அன்று நிஜமாகவே மனது சுட்டது. அக்காவிடம் புதிதாகப் பத்துப் பழுப்புப் பொத்தான் வாங்கிவந்து, மனைவி கண் முன்னாலேயே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இது பத்தும் உனக்கு. திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு முதல் கிளாஸ். இதை எவனும் தொட முடியாது."

"பையிலயா வச்சுக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டாள் மனைவி.

"பின்ன? எங்கிட்ட இருந்தாத்தானே பத்திரம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அதே சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது பையில் பொத்தான்கள் இருக்கின்றனவா என்று ஒரு தடவை விரலால் தட்டியும் பார்த்துக்கொண்டாள். 'எவ்வளவு நம்பிக்கை இவளுக்கு' என்று நினைத்துக்கொண்டார் மாஸ்டர்.

ஆட்டம் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது. மாஸ்டர் பையைத் தொடாமல் விளையாடினார். இரண்டு கை கவிழ்க்கக்கூடச் செய்தார், சலூன்காரர் பயந்துபோய், "உடம்பு ஏதாவது சரியில்லையா மாஸ்டர்?" என்று கேட்டார். அப்படியே எழுந்து வந்திருந்தால் இந்தக் கதை இல்லை. எழுந்திருக்கலாம் என்று அவர் நினைத்த நேரத்தில் அந்தக் கை வந்தது.

கட்டைவிரலால் மூலையைத் தூக்கினார். ஒரு ஏஸ். இன்னொரு மூலையைத் தூக்கினார். இன்னொரு ஏஸ். ஒன்று இஸ்பேட், ஒன்று கிளாவர். கையில் வாங்கக்கூடிய இரண்டு சீட்டில் இதற்குமேல் நல்லது உலகத்தில் கிடையாது. மாஸ்டருக்குக் காது மடல் சூடாயிற்று. கூரையைப் பார்க்கவும் மறந்துவிட்டார்.

பந்தயம் ஏறியது. டாக்டர் கவிழ்த்துவிட்டார். சலூன்காரர் கொஞ்ச தூரம் கூட வந்துவிட்டு அவரும் கவிழ்த்தார். அக்கா மட்டும் ஒன்றும் பேசாமல் போட்டுக்கொண்டே வந்தார். நடுவில் சீட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஆர்ட்டின் ஆறு. ஆர்ட்டின் எட்டு. ஆர்ட்டின் ஒன்பது. அடுத்து, ஒன்றுக்கும் உதவாத ஒரு டைமண்ட் மூன்று. கடைசியாக ஆர்ட்டின் ராணி.

ஐந்து பொதுச் சீட்டில் நாலு ஆர்ட்டின். கையில் ஒரே ஒரு ஆர்ட்டின் வைத்திருந்தால் போதும், ஐந்தும் ஒரே இனமாகிவிடும். அதற்கு முன்னால் ஏஸ் ஜோடியெல்லாம் நிற்காது. இது சின்னக் குழந்தைக்கும் விளங்குகிற கணக்கு. மாஸ்டருக்கு எல்லோருக்கும் முன்னால் விளங்கிவிட்டது. தம் இரண்டு சீட்டிலும் ஆர்ட்டின் இல்லை.

மற்றவர்களிடம் ஜெயித்து மேசையில் அவர் வைத்திருந்த பொத்தானெல்லாம் ஏற்கெனவே நடுவில் போயாயிற்று. அக்கா தம் டப்பாவைத் திறந்து பத்துச் சிவப்புப் பொத்தானை எண்ணித் தள்ளினார்.

இந்த அக்காவைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மாதத்துக்கு இரண்டு தடவைக்குமேல் பந்தயத்தை ஏற்றாதவர். துணி போதாது என்றால் போதாது என்பார். உடம்பு பெருத்துவிட்டது என்றால் அளவெடுக்கும்போதே சொல்லிவிடுவார். வாயில் குண்டூசி வைத்துக்கொண்டு வேலை செய்து பழகியதால் வீண் பேச்சு கிடையாது. அப்படிப்பட்டவர் நேராக மாஸ்டரைப் பார்த்துச் சொன்னார்:

"மாஸ்டர், என்கிட்ட ஆர்ட்டின் இருக்கு. கவிழ்த்துடுங்க."

மாஸ்டரின் இடதுகை தானாகவே சீட்டுகளை எடுத்தது. கவிழ்ப்பதற்காகக் கொஞ்சம் முன்னாலும் நகர்த்தியது. திங்கட்கிழமை காலை ஆறு மணி அவர் கண்முன் வந்தது. தேய்த்த சட்டை வந்தது. பையைத் தட்டிப் பார்த்த விரல் வந்தது. 'வச்சுடுடா, எழுந்து போயிடுடா' என்று மனசு கெஞ்சியது. வைத்திருப்பார். இன்னும் இரண்டு அங்குலம்தான் பாக்கி.

ஆனால் மூளை என்று ஒன்று இருக்கிறதே, அது அந்த நேரம் பார்த்து விழித்துக்கொண்டது. கையில் ஆர்ட்டின் இருக்கிறவள் எதற்காக அதைச் சொல்ல வேண்டும்? போக்கரில் உண்மையைச் சொல்கிறவர் உண்டா? மிரட்டுகிறாள். கட்டாயம் மிரட்டுகிறாள். இரண்டு ஏஸ் வருவதே அபூர்வம், அதை யாராவது கவிழ்ப்பார்களா? அதுவும் இவ்வளவு போட்ட பிறகு. ஜெயித்தால் அக்காவின் பத்து மணி நேரமும் நமக்கு. மனைவிக்குப் புது வேலைக்குப் போட்டுக்கொண்டு போக நாலு நல்ல உடுப்பு தைத்துக் கொடுத்துவிடலாம். பாருங்கள், தோற்கப் போகிற பந்தயத்தைக்கூட அவர் மனைவிக்காகத்தான் போட்டார். இந்த வகையினர் எல்லோருமே பெரிய தியாகிகள்.

"என்னதான் வச்சிருக்கீங்கன்னு பாத்துடுவோம்" என்றார் மாஸ்டர். பையிலிருந்த பத்துப் பழுப்புப் பொத்தானும் மேசைமேல் கொட்டின.

அக்கா ஆர்ட்டின் நாலைத் திறந்து வைத்தார். அடிமட்டச் சீட்டு. ஆனால் ஆர்ட்டின்.

மாஸ்டருடைய முகத்தில் வழக்கமான திருப்தி வரவில்லை. வாய் மட்டும் பழக்கத்தில், "தெரியும் எனக்கு" என்றது. டாக்டர் அவரைப் பார்க்காமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அக்கா பொத்தான்களை டப்பாவில் போட்டு மூடினார்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ஆள் அனுப்புறேன் மாஸ்டர். தயாரா இருங்க."

வீட்டுக்குப் போகிற வழி அன்றைக்கு ரொம்பச் சின்னதாக இருந்தது. என்ன சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள் வாசல் வந்துவிட்டது. மனைவி பழைய டிரைவிங் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு சாலைக் குறிகளைப் படித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் மாஸ்டருக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"நாளைக்குக் காலைல அவசரமா ஒரு கிளாஸ் வந்துடுச்சு. நம்மளது கொஞ்சம் தள்ளி..." என்று இழுத்தார்.

"அப்படியா? சரி" என்றாள் மனைவி, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. இரண்டு தட்டையாவது உடைத்திருக்கலாம். அந்த 'சரி'யை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? கொடுத்த டீயைக் குடித்தார். யாரும் சொல்லாமலே டம்ளரைக் கழுவி வைத்தார். ஃபேனை வேறு துடைத்தார். மனைவி எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை மனைவி குளியலறையில் இருக்கும்போதே மாஸ்டர் ஓசைப்படாமல் கிளம்பினார். கார் ஸ்கூல் வாசலில் நின்றது. முதலில் போய்ப் பெட்ரோல் போட்டார். டயருக்குக் காற்றும் அடித்தார். அக்கா யாரை அனுப்பினாலும் முகத்தைக் காட்டாமல் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் செய்துகொண்டார். ஸ்கூல் வாசலுக்குத் திரும்பிவந்தபோது, வேலைக்குப் போடுகிற ஷூவை இறுக்கக் கட்டிக்கொண்டு அங்கே நின்றுகொண்டிருந்தவள் அவர் மனைவி.

"நீ எங்க இங்க?"

அவள் உள்ளங்கையை விரித்தாள். ஒரு பழுப்புப் பொத்தான்.

"கிளாஸுக்கு வந்திருக்கேன். மிச்சம் ஒன்பதும் அக்கா டப்பாவுல இருக்கு. அங்கயே இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

மாஸ்டர் பொத்தானைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "அக்கா சும்மாவா குடுத்தாங்க?"

"சும்மா ஏன் குடுக்கணும்? அவங்க மூணு பேருக்கும் மாசா மாசம் வீட்டுக்கே வந்து சர்க்கரை பாத்துச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். உங்க பொத்தானை யார் ஜெயிச்சாலும் எனக்குத் தந்துடணும். அதான் பேச்சு."

"மூணு பேர்கிட்டயும் பேசுனியா?"

"யார் ஜெயிப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க ஜெயிக்க மாட்டீங்கன்னு மட்டும்தான் தெரியும்."

மாஸ்டருக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது. தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. "நான் மட்டும் நேத்துக் கவிழ்த்திருந்தா? பத்தும் நேரா உனக்கே வந்திருக்குமே."

"எங்க வந்திருக்கும்? உங்க பையிலதானே இருந்திருக்கும். இந்த வாரம் தப்பிச்சா அடுத்த ஞாயித்துக்கிழமை போயிருக்கும். ஆறு மாசம் நம்பிப் பாத்தேன். உங்க கையில இருக்கிற வரைக்கும் அது எனக்கு வராதுன்னு தெரிஞ்சுபோச்சு. சரின்னு விட்டுட்டேன்."

சரி என்று விட்டுவிட்டாள். நம் மாஸ்டர் படித்த புத்தகங்களும் பார்த்த வீடியோக்களும் அவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியாமல் திணறிய வித்தையை, சீட்டையே தொடாத அந்தப் பெண் ஒரு வாக்கியத்தில் செய்து முடித்திருந்தாள்.

"அதெல்லாம் சரி. அக்கா ஏன் என்கிட்ட உண்மையைச் சொன்னாங்க? ஆர்ட்டின் இருக்கு, கவிழ்த்துடுங்கன்னு."

"நான்தான் சொல்லச் சொன்னேன்" என்றாள் மனைவி. "நல்ல சீட்டு வந்தா மறைக்காதீங்க, நேரா சொல்லிடுங்க, அப்பத்தான் அவர் நம்ப மாட்டார்னு."

மாஸ்டருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில், சொல்லவே கூச்சமாக, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது; இப்படி ஒரு மூளை தம் வீட்டிலேயே இத்தனை வருடமாகத் துணி மடித்துக்கொண்டிருந்ததா என்று. கதவைத் திறந்துவிட்டார். மனைவி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, இருக்கையை முன்னே இழுத்து, கண்ணாடியைத் தன் பார்வைக்குத் திருப்பிக்கொண்டாள். ஹாரன் எது என்று கேட்கவில்லை.

பத்துக் காலையும் வகுப்பு நடந்தது. டெஸ்ட்டில் அவள் முதல் தடவையே தேறினாள். நிலையத்தின் சின்ன வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு அவள் முதல் நாள் வேலைக்குப் போனபோது, மாஸ்டர் தெருமுனை வரைக்கும் நடந்து போய், கார் திரும்பி மறைகிறவரை நின்று பார்த்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலமே மனைவியிடம் சத்தியம் செய்கிற குரலில் பேச்செடுத்தார்.

"இனிமே நான் கவிழ்க்கப் பழகிக்கப் போறேன். இந்த ஞாயித்துக்கிழமையிலிருந்து."

மனைவி பதறிப்போனாள். "அவசரப்படாதீங்க. எனக்கு இன்னும் மலைப்பாதையில ஓட்டப் பழகணும். மழையில ஓட்டப் பழகணும். என் தங்கச்சி வேற கத்துக்கணும்கிறா. அதுவரைக்கும் நீங்க எப்பவும்போலவே ஆடுங்க."

மாஸ்டர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். இன்றுவரை வாக்குத் தவறவில்லை.

இனி உங்களிடம் வருவோம். நீங்கள் சீட்டைக் கையால் தொட்டதில்லை. உங்களுக்கும் இந்த வகைக்கும் சம்பந்தமே கிடையாது. மாஸ்டரை உங்கள் மைத்துனரிடமும், மேல்வீட்டுக்காரரிடமும், அலுவலகத்தில் எதிர் மேசைக்காரரிடமும் கண்டுபிடித்து மனதுக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். ஒரே ஒரு சந்தேகம். மாஸ்டர் அந்தப் பத்துப் பொத்தானைப் பையில் போட்டபோதே அது திரும்பி வராது என்று உங்களுக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்தவர் அங்கேயே பக்கத்தை மூடிவிட்டு எழுந்திருக்கலாம். செய்ய வேண்டிய வேலை ஒன்று அப்படியே கிடக்கிறது. உள்ளேயிருந்து யாரோ இரண்டு தடவை கூப்பிட்டும் ஆயிற்று. 'இதோ வரேன்' என்று நீங்களும் இரண்டு தடவை சொல்லியாயிற்று. அப்புறமும் எழுந்திருக்காமல் இந்தக் கடைசி வரி வரைக்கும் உட்கார்ந்திருக்கிறீர்களே, எதற்காக?